வில்லைத் தேர்வும் கமரா மாற்றமும்

கமரா என்னுஞ் சொல் இலத்தீன் மொழியில் அறை எனப் பொருள்படும். ஒளி புகாத அச்சிற்றறைக்குக் கண்ணாய் அமைவது வில்லை. அறையைப் புதுக்குவோர் கண்ணையும் உடன் மாற்றல் வேண்டுமோ என்பதே, ஒருவகைக் கமராவை விடுத்து வேறொரு வகையை நாடுவோர் முன் எழும் வினாவாகும். பல்லாண்டு சிறுகச் சேர்த்த பொருள்கொண்டு வாங்கிய வில்லைகள் பயனற்றுப்போமோ என்னும் அச்சமும் உடன் எழுகின்றது. இவ்வச்சத்தைத் தீர்ப்பன விளம்பரங்கள் அல்ல. ஒளியியலின் எளிய விதிகளே.

முதற்கண் நோக்கற்பாலது தூரம். வில்லை பொருந்தும் உலோக வாய்க்கும் விம்பம் விழுந் தளத்துக்கும் இடையே ஒவ்வொரு கமரா வகையிலும் ஒரு தூரம் வரையறுக்கப்பட்டுள்ளது. வில்லைகள் அத்தூரத்துக்கென்றே ஆக்கப்படுவன. 1959இல் வெளிவந்த நிக்கொன் எப் வகையில் இது 46.5 மில்லிமீற்றர், 2018இல் வெளிவந்த நிக்கொன் இசட் வகையில் 16 மில்லிமீற்றர். எனவே 30.5 மில்லிமீற்றர் நீளமுள்ள வளையம் ஒன்று இடையே நிற்பின், பழைய வில்லை புதிய கமராவில் தன் பழைய இடத்திலேயே நிற்கும். இதனை மறுதலையாகச் செய்தல் இயலாது. தூரங் கூடிய கமராவிற் பொருத்திய வில்லை தளத்தினின்றும் விலகி நிற்பதால், அண்மைப் பொருள் தெளிவுறினும் தொலைவிலுள்ள காட்சி தெளிவுறாது.

இவ்வுண்மைக்கு வரலாறு சான்று பகரும். 1954இல் லைக்கா நிறுவனத்தார் எம் வகையை ஆக்கியபோது, முன்னிருந்த 28.8 மில்லிமீற்றரை 27.8 ஆகக் குறைத்தனர். ஒரு மில்லிமீற்றர் வளையத்தின் துணையாற் பழைய வில்லைகள் தொடர்ந்து பயன்பட்டன. 1987இல் கனொன் நிறுவனத்தார் 42 மில்லிமீற்றரை 44 ஆகக் கூட்டினர். அதனால், மேலதிகமாக ஒரு கண்ணாடியை இடையிற் புகுத்தினாலன்றி அவர்தம் பழைய வில்லைகள் புதிய கமராக்களிற் சேய்மைக் காட்சிக்கு உதவாவாயின. இரண்டு மில்லிமீற்றரே பலரின் சேமிப்பைப் பயனிழக்கச் செய்தது.

ஆயினும் பொருந்துதல் வேறு, இயங்குதல் வேறு. 1987இல் வந்த கனொன் வகை வில்லைகளின் துவாரம் மின்னால் இயங்குவது. மின்தொடர்பற்ற வளையத்தில் அதனைச் சிறுப்பிக்கவோ பெருப்பிக்கவோ இயலாது. கமராவினுள்ளிருந்த மோட்டரால் இயங்கிய நிக்கொன் வில்லைகள், அந்நிறுவனம் இசட் வகைக்கென ஆக்கிய இணைப்பு வளையத்தில் தாமாகக் குவியா. கையாற் குவித்தல் வேண்டும். வளையம் வாங்குமுன் வினவற்பாலன இவையே.

அடுத்து நோக்கற்பாலது விம்பத் தளத்தின் பரப்பு. வில்லையின் குவியத்தூரம் எக்கமராவிலும் மாறாது. தளஞ் சிறுத்தால் காட்சியின் பரப்பே சுருங்கும். 36க்கு 24 மில்லிமீற்றர் தளத்தில் இயல்பான காட்சி தரும் 50 மில்லிமீற்றர் வில்லை, அதன் நீள அகலங்களில் ஏறக்குறையப் பாதியே கொண்ட தளத்தில் 100 மில்லிமீற்றர் வில்லை போல ஒடுங்கிய காட்சியைத் தரும். அங்கே பழைய காட்சியை வேண்டுவோர் 25 மில்லிமீற்றர் வில்லையை நாடல் வேண்டும். முகப்படம் எடுப்போர்க்கு இச்சுருக்கம் ஏற்றதாகலாம்; சிறிய அறையில் மணவிழாவைப் படம்பிடிப்போர்க்கோ இடர் தரும்.

ஆதலின், பழைய வில்லைகள் ஒவ்வொன்றுக்கும் ஈடாகப் புதியதொன்றை வாங்க முற்படுவது அறிவுடைமை ஆகாது. இக்கால எண்முறைக் கமராக்கள் படந்தோறும் குவியத்தூரத்தைக் குறித்து வைக்கின்றன. ஓராண்டுப் படங்களை எடுத்து நோக்குவோர், ஐந்து வில்லைகள் உடையராயினும் இரண்டையே பெரிதும் கையாண்டமை காணக்கூடும். அடிக்கடி பயன்படுவதைப் புதிய வகையில் முதலில் வாங்குக. எப்போதாவது பயன்படுவதை வளையத்தோடு வைத்துக்கொள்க. பயன்படாததை விற்று அப்பணத்தை முதற்செலவுக்கு ஆக்குக. புதுக் கமரா ஒன்றும் பழைய வில்லை இரண்டுமாகத் தொடங்குவோர், எஞ்சியவற்றுள் எவை உண்மையில் வேண்டுவன என்பதைச் சில திங்களுள் தம் படங்களைக்கொண்டே அறிவர்.