ஊர் கூடி எழுப்பிய நூலகம்



தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நெருங்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதை நாம் யாவரும் அறிவோம். ஒருவர் பந்தல் கால் நடுவார். ஒருவர் தோரணம் கட்டுவார். பெண்கள் கூடிக் காய்கறி நறுக்குவார்கள். இளைஞர்கள் புல்வெட்டிப் பாதை செப்பனிடுவார்கள். இதற்கெல்லாம் செக்ரோல் கிடையாது, சம்பளமும் கிடையாது. மலாய்க்காரச் சகோதரர்கள் இதனைக் கோத்தோங் ரோயோங் என்பார்கள். நம் முன்னோர், ஊர் கூடித் தேர் இழுப்பது என்றார்கள்.

கோயிலுக்கும் பள்ளிக்கும் இப்படிக் கை கொடுப்பது நமக்குப் பழக்கமான செயல். ஆனால் ஒரு நூலகத்தையே இவ்வாறு கூலி வாங்காத கைகள் எழுப்ப முடியுமா? முடியும். அப்படி எழுந்த ஒரு நூலகத்தைப் பற்றியே இன்று நாம் பேசப் போகிறோம். அதன் பெயர் மதுரைத் திட்டம். அது செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய நூலகமன்று. இணையத்தில் உள்ள மின்நூலகம். "இது படித்தவர்கள் சமாசாரம், நமக்கென்ன" என்று எண்ணி எவரும் எழுந்து போய்விட வேண்டாம். இதில் நமக்குரிய பங்கும் உண்டு. நாம் செய்யக்கூடிய வேலையும் உண்டு.

முதலில், இப்படியொரு நூலகம் எதற்கு என்று பார்ப்போம்.

தமிழ் நூல்கள் பல நூற்றாண்டுக் காலம் பனையோலையில் வாழ்ந்தன. ஓலை நிலையான பொருளன்று. பூச்சி அரிக்கும்; ஈரம் பட்டால் மக்கும். ஆகவே, ஒரு சுவடி பழுதாகும் முன் அதனைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதி வைப்பது வழக்கம். எழுதுவாரின்றிப் போனபோது நூலும் போயிற்று. ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட கதையும் நம் வரலாற்றில் உண்டு. இந்த நிலையில்தான் சி.வை. தாமோதரம்பிள்ளை, உ.வே. சாமிநாத ஐயர் போன்ற பெரியோர்கள் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடினார்கள். ஐயரவர்கள் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும், 1898இல் மணிமேகலையையும் அச்சேற்றினார். அச்சுக்கூலிக்குப் பணம் வேண்டியிருந்தபோது, நூல் வெளிவரும் முன்பே பணம் தர இசைந்து கையொப்பமிட்ட அன்பர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். தமிழ்த் தாத்தா என்று நாம் போற்றும் அப்பெரியாருக்கும் ஊரார் கை கொடுக்கவேண்டியிருந்தது என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்வோம்.

ஓலை காகிதமாயிற்று. அத்துடன் கவலை தீர்ந்ததா? தீரவில்லை. காகிதத்தையும் கரையான் தின்னும். நெருப்பும் தின்னும். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அதில் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே ஒரு படி மட்டும் இருந்தால், ஓர் இரவு போதும், எல்லாம் சாம்பல். அதே நூல் ஆயிரம் இடங்களில் ஆயிரம் படிகளாக இருந்தால், எந்த நெருப்பாலும் அதனை முற்றும் அழிக்க இயலாது. மின்நூலகத்தின் பெரும்பயன் இதுவே. அந்த இழப்பை மறவாத ஈழத்துத் தமிழ் அன்பர்கள் 2005இல் நூலகம் என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறார்கள்.

இனி மதுரைத் திட்டத்திற்கு வருவோம்.

இதற்கு முன்னோடி அமெரிக்காவில் பிறந்தது. 1971ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்பவர் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைப் பல்கலைக்கழகக் கணினியில் தட்டெழுதி வைத்தார். அதுவே குட்டன்பெர்க் திட்டத்தின் முதல் நூல். அவர் 2011இல் மறைந்தார். ஆனால் திட்டம் நிற்கவில்லை. தொண்டர்கள் நடத்தி வருகிறார்கள்.

தமிழுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தில் 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. அதனை முன்னின்று நடத்தியவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம். அவர் தமிழாசிரியர் அல்லர்; சுவிட்சர்லாந்து நாட்டில் லோசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். அமெரிக்காவில் இருந்த முனைவர் குமார் மல்லிகார்ச்சுனன் அவருக்குத் துணையாக நின்றார். பல நாடுகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான தொண்டர்கள் சேர்ந்தார்கள். பகலில் தத்தம் தொழில். இரவில் தமிழ்த் தொண்டு. அவர்கள் வெளியிட்ட வரிசையில் முதல் எண் பெற்ற நூல் திருக்குறள். இன்று அந்த வரிசை பல நூறு நூல்களாக வளர்ந்திருக்கிறது. சங்க இலக்கியமும், திருமுறைகளும், திவ்வியப் பிரபந்தமும், கம்பராமாயணமும், பாரதியார் பாடல்களும் அதில் உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ஒரு காசும் தரவேண்டியதில்லை. நூலின் தலைப்பில் உள்ள குறிப்புப் பக்கத்தை நீக்காமல் பிறருக்கும் வழங்கலாம்.

இந்த முயற்சியில் நம் வட்டாரத்தின் பங்கையும் சொல்லவேண்டும். அக்காலத்தில் கணினியில் தமிழைக் காண்பதே பெரும்பாடு. ஒருவர் ஒரு முறையில் தட்டெழுதி அனுப்பியதை, அதே எழுத்துரு இல்லாத இன்னொருவர் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பாடுபட்டவர்களுள் முரசு அஞ்சல் என்ற மென்பொருளை உருவாக்கிய மலேசியர் முத்து நெடுமாறனும், சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் குறிப்பிடத்தக்கவர்கள். கணினித் தமிழ் பற்றிய மாநாடும் 1997இல் சிங்கப்பூரிலேயே கூடியது. பின்னர் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு முறை பரவியது. மதுரைத் திட்டமும் தன் நூல்களை அம்முறைக்கு மாற்றியது. அதனால்தான் இன்று நம் கைத்தொலைபேசியிலும் அவை தெளிவாகத் தெரிகின்றன.

சரி, இதனால் பயன் பெறுவோர் யார்? முதற்பயன் ஆராய்ச்சி செய்வோருக்கும் மாணவருக்கும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய இயல் துறை தோன்றியது. 1966இல் தனிநாயகம் அடிகளார் முயற்சியால் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அக்காலத்தில் ஓர் ஆய்வாளருக்குப் பழைய பதிப்பு ஒன்று தேவையென்றால் அது உள்ள நூலகத்திற்குப் பயணம் போகவேண்டும். திருக்குறளில் யானை என்ற சொல் எங்கெங்கே வருகிறது என்று காணவேண்டுமானால் 1,330 குறளையும் விரல் வைத்துப் படிக்கவேண்டும். இன்று அந்தச் சொல்லைத் தட்டினால் கண் இமைக்கும் நேரத்தில் அத்தனை இடமும் தெரிகிறது. பெரிய பேராசிரியருக்குக் கிடைக்கும் அதே நூல், லயத்து வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து படிக்கும் ஆறாம் ஆண்டு மாணவிக்கும் கிடைக்கிறது. புத்தக அலமாரி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு என்ன?

ஒரு மின்நூல் எப்படி உருவாகிறது என்பதையும் தெரிந்துகொள்வோம். பக்கத்தைப் படம் பிடித்தால் மட்டும் போதாது. படத்தில் சொல்லைத் தேட முடியாது. ஆகவே எழுத்தெழுத்தாகத் தட்டெழுதவேண்டும்; அல்லது படத்திலிருந்து எழுத்தை அறியும் பொறியைக் கொண்டு எடுக்கவேண்டும். பொறியும் தவறும். துணைக்காலையும் ரகரத்தையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாமல் போவதுண்டு. மனிதரும் தவறுவர். லகர ளகர ழகரம், ரகர றகரம், னகர ணகரம் இடம் மாறும். எனவே ஒருவர் தட்டெழுதியதை இன்னொருவர் மூலநூலுடன் ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்கவேண்டும். இங்கே ஒரு விதி முக்கியம். மூலத்தில் உள்ளதை உள்ளபடியே தரவேண்டும். நமக்குப் புரியவில்லை என்பதற்காகப் பழம்பாட்டைத் திருத்தக் கூடாது. இவ்வாறு உழைத்தவர்களின் பெயரை நூலின் தொடக்கத்தில் நன்றியுடன் குறித்து வெளியிடுவது மதுரைத் திட்டத்தின் மரபு.

இப்பொழுது நம் பங்கிற்கு வருவோம். தொண்டர்கள் நடத்தும் நூலகத்திற்குத் தொண்டர்களே தூண்கள். ஒருவருக்கு வயதாகும், ஒருவருக்குக் கண் மங்கும், ஒருவர் மறைவார். புதிய கை வராவிட்டால் வேலை நின்றுவிடும். நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, பயன்படுத்துவோம். யாரும் படிக்காத நூலகம் பூட்டிய கோயில் போன்றது. பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பாட்டை அதிலிருந்து எடுத்துப் படித்துக் காட்டலாம்.

இரண்டாவது, பிழை கண்டால் குறித்து அனுப்புவோம். எந்த நூல், எந்தப் பாட்டு, எந்த அடி, இருப்பது என்ன, அச்சுநூலில் உள்ளது என்ன என்று தெளிவாக எழுதினால் போதும். இதுவும் பெருந்தொண்டே.

மூன்றாவது, மெய்ப்புப் பார்ப்போம். இடைநிலைப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளை நாளுக்கு ஒரு பக்கம் பார்த்தால், ஓராண்டில் ஒரு பெரிய நூலே முடியும். அப்பிள்ளையின் எழுத்துப் பிழையும் குறையும். இங்கே நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் வேலை உண்டு. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகள் வேறு வடிவில் இருந்தன. இக்காலப் பிள்ளைகள் அவற்றைக் கண்டு திகைப்பார்கள். அக்காலத்தில் தோட்டப் பள்ளியில் படித்த தாத்தாவும் பாட்டியும் தடையின்றிப் படிப்பார்கள். பாட்டி படிக்க, பேத்தி ஒப்பிட்டுப் பார்த்தால், இரு தலைமுறையும் சேர்ந்து செய்த தொண்டாகும்.

நான்காவது, நம்மிடம் உள்ள பழைய நூல்களைக் காப்போம். நம் தோட்டங்களில் பள்ளி ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், மன்றத்துக் கையெழுத்து ஏடு, உள்ளூர்ப் புலவர் பாடிய சிந்து, கும்மி என்று எத்தனையோ அச்சாகியும் எழுதப்பட்டும் வந்தன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாயின, குடும்பங்கள் பட்டணம் சேர்ந்தன. வீடு மாறும்போது சட்டி பானையை எடுத்துச் சென்றோம். பழைய தாள்களைப் பல வீடுகளில் விட்டுச் சென்றோம். சங்க நூலுக்கு உலகில் பல படிகள் உண்டு. நம் தோட்டத்து மலருக்கு நம் பெட்டியில் உள்ள அந்த ஒரு படியே கடைசிப் படியாக இருக்கலாம். அது கரையானுக்குப் போனால், அத்தோட்டத்தில் நம் தாத்தா பாட்டி வாழ்ந்ததற்கான சாட்சியும் போய்விடும். ஆகவே அவற்றை ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஒட்டுத்தாளால் ஒட்டாதீர்கள், பசை காகிதத்தைக் கறுக்க வைக்கும். பகல் வெளிச்சத்தில், ஒரு பக்கமும் விடாமல், அட்டை முதல் அட்டை வரை கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். ஆண்டும் ஊரும் குறித்து, பள்ளி ஆசிரியரிடமும் உறவினரிடமும் ஒவ்வொரு படி கொடுங்கள்.

இது வெறுங்கனவு அன்று. 2015இல் சிங்கப்பூர் தன் சுதந்திரப் பொன்விழாவைக் கொண்டாடியபோது, அந்நாட்டுத் தமிழன்பர்கள் தேசிய நூலக வாரியத்துடன் சேர்ந்து, ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் ஆக்கினார்கள். அதிலும் தொண்டர்கள் மெய்ப்புப் பார்த்தார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். எந்த நூலையும் எடுத்து வெளியிட்டுவிட நமக்கு உரிமையில்லை. எழுதியவருக்குப் பதிப்புரிமை உண்டு. மலேசியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டுகளும், இந்தியாவில் 60 ஆண்டுகளும், சிங்கப்பூரில் 70 ஆண்டுகளும் அவ்வுரிமை நீடிக்கும். மலேசியாவில் ஓர் ஆசிரியர் 1960இல் மறைந்திருந்தால், 2010ஆம் ஆண்டு முடியும்வரை உரிமை அவர் குடும்பத்தாருடையது. உரிமை நீடிக்கும் நூலாயின் எழுதியவரையோ அவர் குடும்பத்தாரையோ கேட்டு, எழுத்தில் சம்மதம் பெறவேண்டும். நம் வீட்டில் பாதுகாத்து வைப்பது வேறு. ஊருக்கு வழங்குவது வேறு.

நேயர்களே, பால்மரத்தில் ஒரு மங்கில் விழுவது சில துளிகள்தாம். அந்தத் துளிகள் சேர்ந்தே வாளி நிறைந்தது. வாளிகள் சேர்ந்தே ஸ்டோரில் தொட்டி நிறைந்தது. மின்நூலகமும் அப்படியே. நாளுக்கு ஒரு பக்கம் என்பது ஒரு துளி. இந்த வார இறுதியில் வீட்டுப் பரணையும் பழைய இரும்புப் பெட்டியையும் திறந்து பாருங்கள். தமிழில் அச்சான தாள் எது கிடைத்தாலும், எறியும் முன் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் ஒருமுறை காட்டுங்கள். அவர் அதனைப் படித்துப் பார்த்து, காக்கும் வழியைச் சொல்வார்.