எட்டி நிற்கும் சம்பளம்

அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் உயரதிகாரி, அடுத்த ஆண்டுச் சம்பளத்தில் 1 லட்சம் டாலரை ‘இப்போது வேண்டாம், 20 ஆண்டு கழித்துக் கொடுங்கள்’ என்று எழுதிக்கொடுக்க முடியும். கைக்கு வரும்வரை அந்தத் தொகைக்கு வருமான வரி கிடையாது. ஒத்திவைப்பு ஊதியம் எனப்படும் ஏற்பாடு இது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்ச வரி 37 சதவீதம். சம்பளத்தை இன்றே வாங்கினால் வரி போக 63,000 டாலர் நிற்கும். அதை 6 சதவீத வட்டிக்குப் போட்டு, வட்டிக்கும் ஆண்டுதோறும் அதே வரி கட்டினால், 20 ஆண்டில் சுமார் 1.32 லட்சம் சேரும். ஒத்திவைத்த 1 லட்சமோ அதே வட்டியில் 3.20 லட்சமாகி, கடைசியில் 37 சதவீதம் போன பிறகும் 2.02 லட்சம் தருகிறது. வரியாகப் போயிருக்க வேண்டிய 37,000 டாலரும் இத்தனை காலம் உள்ளேயே இருந்து வட்டி ஈட்டியிருக்கிறது!

அரசு இதை எப்படி அனுமதிக்கிறது? அந்த அதிகாரியிடம் இருப்பது பணமல்ல, வாக்குறுதி. நிறுவனம் திவாலானால், கடன் கொடுத்த மற்றவர்களோடு அவரும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்த ஆபத்துதான் சலுகைக்கு அவர் தரும் விலை. பணத்தை யாரும் தொட முடியாதபடி அவர் பெயரில் பத்திரப்படுத்தினால் அப்போதே வரி வந்து நிற்கும். நிறுவனமும் அந்தச் சம்பளத்தைக் கொடுக்கும் ஆண்டில்தான் வரிக்கணக்கில் செலவாகக் காட்டலாம்.

பாதுகாப்புக்கும் ஆபத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய இடத்தைக் கண்டுபிடித்தது ஒரு யூத வழிபாட்டுக் கூடம். தன் மதகுருவான ரபிக்காக அது ஒரு டிரஸ்ட் அமைத்தது; 1980 இறுதியில் வரித்துறை அதை ஏற்றது. இன்று பெரிய நிறுவனங்களும் பயன்படுத்தும் இந்த ‘ரபி டிரஸ்ட்’ ஒரு வினோதமான உண்டியல். பணம் போட்ட நிறுவனம் மனம் மாறினாலும் திறக்க முடியாது. அது திவாலானால் மட்டும் கடன் கொடுத்தவர்கள் உடைக்கலாம். உடைபடும் அந்த வாய்ப்பு இருப்பதால்தான் வரி தள்ளிப்போகிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிக அழகான பகுதி இதுதான்.

2001 டிசம்பரில் என்ரான் என்ற அமெரிக்க நிறுவனம் திவாலானது. அதற்குச் சற்று முன்பு, அதன் அதிகாரிகள் பலர் 5 கோடி டாலருக்கும் மேலான ஒத்திவைப்பு ஊதியத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டனர். ஆபத்து வரும் நேரத்தில் ஓடிவிட முடியுமென்றால் சலுகை எதற்கு? 2004இல் 409ஏ என்ற சட்டப்பிரிவு பிறந்தது. ஓய்வு, மரணம், ஊனம், முன்பே குறித்த தேதி போன்ற, சட்டம் வகுத்த ஆறு தருணங்களில்தான் பணம் வரலாம். குறித்த தேதியைத் தள்ளிப்போட வேண்டுமா? 12 மாதம் முன்பே சொல்ல வேண்டும். குறைந்தது 5 ஆண்டாவது தள்ள வேண்டும். திட்டத்தை நிறுவனமே தவறாக எழுதியிருந்தாலும், கூடுதலாக 20 சதவீத வரி விழுவது ஊழியர் தலையில்.

விளையாட்டு வீரர்களும் இதே வழியில் போகிறார்கள். பேஸ்பால் வீரர் ஷோஹே ஓட்டானி 2023இல் கலிஃபோர்னியாவின் டாட்ஜர்ஸ் அணியுடன் செய்த 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில், 68 கோடி 2034 முதல் 2043 வரை வட்டியில்லாமல் வரும். சரியாக 10 ஆண்டுகள். 1996இன் கூட்டாட்சிச் சட்டப்படி, இத்தகைய ஊதியத்தை 10 ஆண்டோ அதற்கு மேலோ சமத் தவணைகளில் பெற்றால், உழைத்த மாநிலம் வரி கேட்க முடியாது. அப்போது வசிக்கும் மாநிலத்துக்கே அந்த உரிமை. கலிஃபோர்னியாவின் உச்ச வரி 13 சதவீதத்துக்கும் மேல். டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரியே இல்லை. 2024 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் நிதிக் கட்டுப்பாட்டாளர், இந்த ஒத்திவைப்புக்கு உச்சவரம்பு வைக்குமாறு அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார்.