உங்களுக்குத் தெரியுமா? தோண்டினால் காசு!

ஒரகடம் பக்கம் ஜேசிபி ஓடாத நாள் உண்டா? அங்கே மண் தோண்டுபவரா? அப்படியானால் இந்தப் பக்கத்தை முதலில் படிக்க வேண்டியவர் நீங்கள்தான்! ‘பழங்காசுக் கண்காட்சி’ என்று எங்கே போஸ்டர் பார்த்தாலும் இனி தாண்டிப் போக மாட்டீர்கள்!

ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபட்டிருப்பீர்களே, அதே மாம்பலம்! அங்கே கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுப் புதையலில் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் காசும் இருந்தது. வயது சுமார் 2,000!

இதைக் கேளுங்கள்! புதுக்கோட்டைச் சீமையில் கருக்காக்குறிச்சி. 1898இல் மண்ணுக்குள்ளிருந்து வந்தது ரோமானியத் தங்கம். ஒன்று, இரண்டு அல்ல, 501 காசுகள்!

அதைவிட ஆச்சரியம், அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்திலேயே உளி வெட்டு! வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள். ஏன் என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்!

ரோமிலிருந்து இந்தியாவுக்குப் போகும் பணத்தை நினைத்துப் புலம்பியவர் ரோம எழுத்தாளர் பிளினி. அவர் சொன்ன கணக்கு, ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ்!

சாதவாகன அரசர்கள் வெள்ளியில் தம் முகத்தைப் பொறித்தார்கள். ஒரு பக்கம் பிராகிருதம், மறுபக்கம் தமிழ்! எப்போது? 2ஆம் நூற்றாண்டில்!

இரண்டு மொழிக்கே வாய் பிளந்தால் எப்படி? கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸில் அடித்த வெள்ளி அரை வராகனைப் பாருங்கள். ஒரு பக்கம் கோபுரம், இன்னொரு பக்கம் பெருமாள். சுற்றிலும் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு. ஒரே காசில் 4 மொழி!

1639இல் கம்பெனிக்கு மதராஸ் பகுதியை ஆண்ட நாயக்கர் கொடுத்த சாசனத்தில் கோட்டை கட்ட மட்டுமா அனுமதி? காசு அடிக்கவும்தான்! அந்த நாயக்கரின் தம்பி அய்யப்பர் இருந்தது எங்கே? நீங்கள் தினம் பஸ்ஸில் கடக்கும் பூந்தமல்லியில்!

கம்பெனி கால மதராஸில் சில்லறை கேட்டால் தலை சுற்றியிருக்கும்! ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக மொத்தம் 3,360 காசு!

புதுக்கோட்டை அம்மன் காசு தெரியுமா? முன்னால் பிரகதாம்பாள், பின்னால் தெலுங்கில் ‘விஜய’. நவராத்திரியில் அரிசியோடு தானம் தந்த குட்டிச் செப்புக் காசு அது. 20 சேர்ந்தால்தான் ஓரணா!

ரோமானியக் காசுகளுக்கு எழும்பூர் அருங்காட்சியகம் பட்டியல் போட்டே 100 ஆண்டுக்கு மேல் ஆகிறது. போட்டவர் எட்கர் தர்ஸ்டன். அருங்காட்சியகம் பிறந்ததோ 1851இல்! ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்!

புதையல் சட்டம் எந்த ஆண்டுச் சட்டம்? 1878! இன்றும் அதுதான் நடப்பு. புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்!

மறைத்தால் ஓராண்டு வரை சிறை! சொன்னால்? உரிமைக்காரர் இல்லாத புதையலில் கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்!

ஆகவே, கம்பெனிக்குக் கடைக்கால் தோண்டும் தோழர்களே, மண்ணில் பானை தட்டுப்பட்டால் மண்வெட்டியை நிறுத்துங்கள். காசைத் தேய்க்காதீர்கள், உருக்காதீர்கள். கலெக்டர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்!