ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி டைரக்‌ஷன்... ஒரு சினிமா மாணவியின் முதல் அவுட்டோர்!

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக ஒரு சிறுகதையைக் குறும்படமாக எடுக்க வேண்டும். கதை நடப்பதோ வெட்டவெளியில். பெரும்பாலான மாணவர்கள் என்ன செய்வார்கள்? கதையை மொட்டைமாடிக்கோ, கல்லூரி வளாகத்துக்கோ மாற்றிவிடுவார்கள். செலவும் மிச்சம், அலைச்சலும் இல்லை.

லாரிசா ஷெபிட்கோ அப்படி மாற்றவில்லை. 1938-ல் உக்ரைனில் பிறந்த இவர், மாஸ்கோவின் புகழ்பெற்ற வி.ஜி.ஐ.கே. திரைப்படக் கல்லூரியில் டைரக்‌ஷன் படித்தவர். பட்டம் வாங்க ஒரு படம் எடுத்தாக வேண்டும். கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'ஒட்டகத்தின் கண்' கதையைக் கையில் எடுத்தார். ஆம், 'ஜமீலா', 'முதல் ஆசிரியர்' நூல்களால் தமிழ் வாசகர்களுக்கும் நெருக்கமான அதே ஐத்மாத்தவ்தான்!

பள்ளிப்படிப்பை முடித்த கெமெல் என்ற இளைஞன், மத்திய ஆசியாவின் வறண்ட புல்வெளிக்கு வேலைக்கு வருகிறான். ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது அவன் வேலை. அங்கே டிராக்டர் ஓட்டும் அபாகிர், எடுத்ததற்கெல்லாம் அவனைக் கேலி செய்து மட்டம் தட்டுகிறான். இருவருக்கும் நடக்கும் மோதல்தான் கதை. ஒதுங்க ஒரு மரநிழல்கூட இல்லாத இடத்தில் சிலர் மட்டும் ஒன்றாக வாழும்போது, சின்னக் கோபமும் பெரிதாக வெடிக்கும். அந்த வெயிலும் புழுதியும் இல்லாமல் இந்தக் கதையை நம்பவைக்க முடியுமா?

அதனால்தான் நிஜமான வறண்ட புல்வெளிக்கே யூனிட்டை அழைத்துப்போனார் லாரிசா. அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். வெயில் கொளுத்தியதில், கேமராவுக்குள் இருந்த ஃபிலிமே உருகியதாம்! போதாக்குறைக்கு மஞ்சள் காமாலை வேறு. எழுந்து நிற்க முடியாத நாட்களில், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே காட்சிகளை இயக்கினார். படத்தை முடிக்க உதவியவர், அதே கல்லூரி மாணவரான எலெம் கிளிமோவ். பின்னர் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

படத்துக்கு லாரிசா வைத்த பெயர், 'வெப்பம்'. 1963-ல் வெளியானது. மறு ஆண்டு கார்லோவி வாரி திரைப்பட விழாவில் பரிசும் பெற்றது. கெமெலாக நடித்த போலோத்பெக் ஷம்ஷியெவ், பின்னாளில் தானே இயக்குநராகி, ஐத்மாத்தவின் 'வெள்ளைக் கப்பல்' கதையைப் படமாக்கினார்.

லாரிசாவின் 'ஏற்றம்' படமும் ஒரு நாவலின் தழுவல்தான். அதன் பெரும்பகுதி கொட்டும் பனியில் எடுக்கப்பட்டது. 1977-ல் பெர்லின் விழாவின் தங்கக் கரடி விருதை வென்றது.

அடுத்த படத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது, அணைக்கட்டால் மூழ்கப்போகும் ஒரு தீவுக் கிராமத்தின் கதை. அதற்கும் நிஜமான இடங்களைத் தேடி அலைந்தார். 1979 ஜூலை 2 அன்று, அப்படி லொக்கேஷன் பார்க்கப் போன பயணத்தில் கார் விபத்து. லாரிசாவும் படக்குழுவினர் சிலரும் உயிரிழந்தார்கள். அவருக்கு வயது 41.

பாதியில் நின்ற அந்தப் படத்தை எடுத்து முடித்தவர், கணவர் கிளிமோவ். படத்தின் பெயர், 'விடைபெறல்'.