கடைசி வரிசைக்கு ஒரு பாடத்திட்டம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உடற்பயிற்சி நிலையங்களைப் பற்றியது. அங்கே வந்து சேரும் உறுப்பினருக்கு, இதயத்தையும் மூச்சையும் உரப்படுத்தும் பயிற்சித் திட்டத்தை எவ்வாறு வகுக்க வேண்டும் என்பதே என் பேச்சின் கரு. "ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. பயிற்சித் திட்டம் என்பதும் ஒரு பாடத்திட்டமே. கற்பவர் யார்? அவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார்? எத்தனை நாளில் எந்த நிலைக்கு உயர வேண்டும்? உயர்ந்தாரா என்பதை எவ்வாறு அறிவது? ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த இந்த நான்கு கேள்விகளும் உடலைப் பயிற்றுவோருக்கும் உரியவையே.

நகரங்களில் இன்று பயிற்சி நிலையங்கள் பெருகிவிட்டன. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரத்தில் ஊக்கம் கரைபுரண்டு ஓடுகிறது. பல ஆண்டு பழகியவர் ஓடும் வேகத்தில் தாமும் ஓட முயல்கிறார். மூன்றாம் வாரத்தில் முழங்கால் நோகிறது, மூச்சு வாங்குகிறது, வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. அதன்பின் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். வகுப்பில் முதல் வரிசையை மட்டுமே பார்த்துப் பாடம் நடத்தினால் கடைசி வரிசை என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகிறது. இதனால் விளையும் இழப்பு எத்தகையது என்பதை அறிய, முதலில் இதயத்தின் தொழிலைச் சற்றே காண்போம்.

நம் இதயம் கைப்பிடி அளவே உடையது. ஓய்வாக இருக்கும்போது அது நிமிடத்திற்கு ஏறக்குறைய 70 முறை துடித்து, சுமார் 5 லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. கடுமையாக உழைக்கும் இளைஞர் ஒருவருக்கு இது சுமார் 20 லிட்டராக உயரும். நெடுந்தொலைவு ஓடிப் பழகிய வீரருக்கு 30 லிட்டரையும் தாண்டும். பயிற்சியால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தை வெளியேற்றும் வலிமை பெறுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழல்கள் பெருகுகின்றன. இரத்தம் கொணரும் பிராணவாயுவைத் தசைகள் நன்கு பயன்படுத்திக்கொள்கின்றன. ஆகவே, பழகிய இதயம் ஓய்வின்போது குறைவாகத் துடித்தே தன் கடமையை முடித்துவிடுகிறது.

இந்த வலிமை எவ்வளவு விரைவில் குறையும், எவ்வாறு மீளும் என்பதை அமெரிக்க நாட்டின் டாலஸ் நகரில் 1966-ஆம் ஆண்டு ஆராய்ந்தார்கள். இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தனர். உடல் முழு ஆற்றலோடு உழைக்கும்போது ஒரு நிமிடத்தில் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த வல்லது என்பதே அவர்கள் கையாண்ட அளவுகோல். மூன்று வாரத்தில் இவ்வாற்றல் சராசரியாகக் கால்பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று! பின்னர் ஏறக்குறைய எட்டு வாரம் பயிற்சி அளித்தபோது, இழந்ததை மீட்டதோடு, சராசரியில் முன்னிருந்த நிலையையும் கடந்தனர்.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1996-இல், அதே ஐவரையும் மீண்டும் அழைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த கேட்டைவிட, அன்று மூன்று வாரப் படுக்கை செய்த கேடே பெரிது என்பது தெரியவந்தது. ஐம்பது வயதை எட்டிய அவர்களுக்கு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தனர். முப்பது ஆண்டுகளில் அவர்கள் இழந்திருந்த மூச்சாற்றல், சராசரியில் முழுவதும் மீண்டது. ஆயினும், இளமையில் பயிற்சிக்குப் பின் எட்டிய உச்சத்தை அவர்களுள் ஒருவரும் மறுபடி எட்டவில்லை. சோம்பல் விரைவில் கெடுக்கும். பொறுமையான பயிற்சி பெரும்பகுதியை மீட்டுத் தரும். இவ்விரண்டையும் மனத்தில் இருத்துங்கள்.

அதே டாலஸ் நகரில், 1970-இல், கென்னத் கூப்பர் என்னும் மருத்துவர் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அவர் முன்பு அமெரிக்க விமானப்படையில் மருத்துவராகப் பணியாற்றியவர். 1968-இல் அவர் வெளியிட்ட நூலின் பெயரே 'ஏரோபிக்ஸ்'. நடை, ஓட்டம், நீச்சல், மிதிவண்டி முதலிய ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி என வகுத்து, வாரத்திற்கு 30 புள்ளி ஈட்ட வேண்டும் என்று அந்நூலில் எழுதினார். பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தொலைவு ஓடுகிறார் என்பதைக் கொண்டு அவர் மூச்சாற்றலை மதிப்பிடும் சோதனையையும் அவரே புகழ்பெறச் செய்தார். அளந்து பார்த்த பின்பே பயிற்சி என்பது அவர் கொள்கை. ஓடுபட்டைப் பொறியில், அதாவது டிரெட்மில்லில், நடக்கவிட்டு இதயத்தின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் வழக்கம் அவருடைய நிலையத்தில் வேரூன்றியது.

இவ்வாறு சேர்ந்த அளவுகள் பின்னர்ப் பெரும்பயன் தந்தன. 1989-இல் ஸ்டீவன் பிளேர் என்பவரும் அவருடைய துணைவரும், அந்நிலையத்தில் சோதிக்கப்பட்ட 10,224 ஆடவரையும் 3,120 பெண்டிரையும் சராசரியாக எட்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் தொடர்ந்து கவனித்து, ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூச்சாற்றலைக் கொண்டு அனைவரையும் ஐந்து வரிசையாகப் பிரித்தார்கள். ஆண்டுக்குப் பதினாயிரவர் என்று கணக்கிட்டால், கடைசி வரிசை ஆடவருள் இறந்தோர் 64 பேர். முதல் வரிசையில் 18.6 பேர். பெண்டிருள் இவ்வெண்கள் முறையே 39.5, 8.5.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வரிசைக்கு வரிசை இறப்பு ஒரே அளவாகக் குறையவில்லை. கடைசி வரிசைக்கும் அதற்கு முந்தைய வரிசைக்கும் இடையேதான் மிகப் பெரிய இறக்கம் காணப்பட்டது. அஃதாவது, ஓட்டப்பந்தய வீரர் இன்னும் சிறந்த வீரராவதால் அடையும் நன்மையைவிட, நடக்கவே நடக்காதவர் நாள்தோறும் சிறிது நடப்பதால் அடையும் நன்மை பெரிது.

"நோயுற்றவர்களே கடைசி வரிசையில் இருந்திருக்கலாம் அல்லவா?" என்று உங்களுள் கூர்மையானவர் வினவக்கூடும். நல்ல கேள்வி. 1995-இல் அதே ஆய்வாளர் இதற்கு ஓரளவு விடை கண்டனர். சில ஆண்டு இடைவெளியில் இருமுறை சோதிக்கப்பட்ட 9,777 ஆடவரை ஆராய்ந்தபோது, முதற்சோதனையில் பின்தங்கியிருந்து இரண்டாவதில் முன்னேறியவர்களுக்கு, இரண்டிலும் பின்தங்கியே இருந்தவர்களைவிட இறப்பு வாய்ப்பு 44 விழுக்காடு குறைவாக இருந்தது. வரிசை மாறலாம், மாறினால் பயனுண்டு.

எனவே திட்டம் வகுப்போர் கடைசி வரிசையில் இருப்பவரிடமிருந்தே தொடங்க வேண்டும். அவ்வாறு தொடங்கும் முறையை இனிச் சொல்கிறேன்.

முதலாவது, உறுப்பினரை அறிதல். நெஞ்சுவலி, மயக்கம், காரணமில்லாத மூச்சுத்திணறல், சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் ஆகியவை உண்டா என்று கேட்க வேண்டும். உண்டெனில் மருத்துவரைக் கண்ட பின்பே பயிற்சி. பிறகு, காலையில் எழுந்தவுடன் மணிக்கட்டில் இரு விரல் வைத்து 15 நொடி நாடியை எண்ணி, அதை நான்கால் பெருக்கிக் குறித்துக்கொள்ளச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, வேகம். 220-இலிருந்து வயதைக் கழித்தால், நாடி எட்டக்கூடிய உச்சம் ஏறக்குறையக் கிடைக்கும். அதில் 64 முதல் 76 விழுக்காடு வரை மிதமான வேகம். இருபது வயதினருக்கு உச்சம் 200. ஆகவே 128 முதல் 152 வரை. அறுபது வயதினருக்கு உச்சம் 160. ஆகவே சுமார் 102 முதல் 122 வரை. ஒரே வேகம் இருவருக்கும் பொருந்தாது என்பதை இவ்வெண்களே காட்டுகின்றன. ஆயினும் இது சராசரிக் கணக்கே. ஆளுக்கு ஆள் வேறுபடும். இரத்த அழுத்தத்திற்கெனச் சில மருந்துகளை உண்போருக்கு நாடி அவ்வளவாக ஏறாது. ஆதலால் எளிய சோதனை ஒன்றையும் சொல்கிறேன். நடந்துகொண்டே பேச முடிந்து, பாட முடியாமற்போனால் அது மிதமான வேகம். சில சொற்களுக்கு ஒருமுறை மூச்சுக்காக நிற்க நேர்ந்தால் அது கடுமையான வேகம். தொடக்கத்தில் முன்னதே போதும்.

மூன்றாவது, நேரம். வளர்ந்தவர்களுக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பும், இரண்டு நாளேனும் தசை வலிவுக்கான பயிற்சியும் வேண்டும் என்று உலக நல நிறுவனம் 2020-இல் வகுத்துள்ளது. 5 முதல் 17 வயது வரை உள்ள உங்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம். எனினும், பழகாதவரை முதல் நாளே இதனைச் செய்யச் சொல்வது, அரிச்சுவடி படிப்பவனிடம் இலக்கண நூலைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். முதல் இரண்டு வாரம் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம் நடக்கட்டும். பின் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஒன்பதாம் வாரத்தில் முப்பது நிமிடம் ஆகிவிடும். வாரத்திற்கு 150 நிமிடமும் நிறைந்துவிடும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்ற பழமொழிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? தொடக்கத்தில் மெல்ல நடந்து உடலைச் சூடேற்றுவதும், முடிவில் திடீரென நிற்காமல் மெல்லத் தணிவதும் அவசியம். விரைந்து ஓடியவர் சட்டென நின்றால் இரத்தம் கால்களில் தேங்கித் தலைசுற்றல் வரக்கூடும்.

நான்காவது, மதிப்பீடு. பன்னிரண்டு நிமிட ஓட்டம் முழு ஆற்றலையும் வேண்டுவதாகையால் புதியவருக்கு ஏற்றதன்று. அவருக்கு ஒரே தொலைவை, ஒரே வேகத்தில், மாதம் ஒருமுறை நடக்கச் செய்து, முடிந்தவுடன் நாடியை எண்ணுங்கள். எண் குறைந்து வருமானால் இதயம் பாடம் படித்துவிட்டது என்று பொருள். அடுத்தவரோடு ஒப்பிட வேண்டுவதில்லை. சென்ற மாதத்துத் தம்மோடு ஒப்பிட்டால் போதும்.

பயிற்சி மட்டும் நலவாழ்வு ஆகிவிடாது. உறக்கம், அளவான உணவு, புகையிலை விலக்கல் ஆகியவையும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் வராத உறுப்பினரைத் தேடி நிலையத்தார் ஒரு வார்த்தை விசாரிப்பதும் திட்டத்தின் உறுப்பே. பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் அனுப்பிய ஆசிரியர்களுக்கு அதன் பயன் தெரியும்.

உங்களுள் சிலர் நாளை உடற்பயிற்சி ஆசிரியராகலாம். சிலர் நிலையங்களை நடத்தலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் தந்தையோ தாயோ இருக்கக்கூடும். அவருடைய நாடியை நாளைக் காலையில் எண்ணி ஓர் ஏட்டில் குறியுங்கள். அவருக்கு உடல்நலக் குறை ஏதும் உண்டெனில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் அவரோடு பத்து நிமிடம், பேசிக்கொண்டே நடந்துவாருங்கள். அதுவே முதற்பாடம்.