பாப்பிரஸ் படம்: பழங்கலையா, புதுக்கலையா?

எகிப்துக்குப் போய் வருகிறவர்கள் விரும்பி வாங்கி வருவது, பழைய எகிப்தின் அரசன் துட்டன்காமுனின் தங்க முகமூடியையோ பொன் அரியணையையோ கையால் வரைந்த பாப்பிரஸ் படம். மூவாயிரம் வருஷத்துக் கலை என்ற நினைப்பில்தான் வாங்குகிறோம். உண்மையில் அது அறுபது வருஷத்துக் கலை. அதைச் சொல்லி விற்பதுதான் அதை வரைந்த கைக்கு மரியாதை என்பது என் கட்சி. 1922 நவம்பரில் தொல்லியலாளர் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமுனின் கல்லறையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. எழுதிய பாப்பிரஸ் சுருள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சுருள்கள் என்று முதலில் நம்பிய ஒரு பெட்டியில் இருந்தவை அரசனின் இடுப்புத் துணிகள். அந்தப் பொற்செல்வங்களைப் பாப்பிரஸில் ஏற்றியது நம் காலம்தான். பாப்பிரஸ் தாள் செய்யும் முறையே பல நூற்றாண்டாக மறந்து கிடந்தது. சீனாவில் எகிப்தின் தூதராக இருந்த ஹசன் ரகப், 1960களில் சூடானிலிருந்து செடியை வரவழைத்து, பலமுறை சோதித்து அதை மீட்டார். செடி நம் கோரையின் இனம். முப்பட்டைத் தண்டின் பச்சைத் தோலைச் சீவி, உள்ளிருக்கும் வெள்ளைச் சதையை மெல்லிய பட்டைகளாக அரிந்து ஊறவைக்கிறார்கள். ஒரு வரிசை நெடுக்காகவும் அதன்மேல் ஒரு வரிசை குறுக்காகவும் அடுக்கி, அழுத்திக் காயவைக்கிறார்கள். தனியாகப் பசை வேண்டாம்.

அப்படியானால் வெறும் நகல்தானே என்று கேட்கலாம். நகல்தான். ஆனால் பழைய எகிப்தில் இறந்தவரோடு வைத்த ‘இறந்தோர் நூல்’ சுருள்கள் பலவும் பட்டறையில் முன்கூட்டியே எழுதி, பெயருக்கு இடம்விட்டு வைத்து, வாங்கியவர் பெயரைப் பிறகு சேர்த்தவையே. நகலெடுப்பது அங்கே தொழில், அதில் இழிவில்லை. அச்சடித்ததைக் கைவேலை என்பதும், வாழைநாரைப் பாப்பிரஸ் என்பதும்தான் மோசடி. பழமை போனால் மதிப்பு போகாதா என்றால், நம் புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதத்தைப் பாருங்கள். அதன் வயது யாருக்கும் பொருட்டல்ல. தாளைத் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

பழமை வேண்டுமென்றால் புதுச்சேரி முதலியார்பேட்டைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடலூர் சாலையில் போனால் அரியாங்குப்பம் அருகே பழைய துறைமுகமான அரிக்கமேடு. அங்கே செய்த வகைக் கண்ணாடி மணிகள் எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில் கிடைத்திருக்கின்றன. வியன்னாவில் உள்ள கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்றோ, தென்னிந்தியத் துறைமுகமான முசிறியோடு நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். மறுபக்கத்தில் ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. அதில் ஓவியம் இல்லை, அரசன் இல்லை. நமக்கு அதுதான் பொக்கிஷம்.

பாப்பிரஸ் படம் வாங்குகிறவர்கள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நெடுக்கும் குறுக்குமாகப் பட்டைகள் தெரிய வேண்டும். வரைந்தவர் யார் என்று கேட்டு, அவர் உழைப்புக்கு உரிய விலையைக் கொடுங்கள்.