சமையற் குறிப்பும் செயற்கைப் படமும்

சமையற் குறிப்புடன் வரும் நிழற்படம் வெறும் அலங்காரமன்று. ஒருவர் இவ்வாறு சமைத்தார், இவ்வாறு அமைந்தது என்பதற்குச் சான்று அது. 2022 ஆம் ஆண்டு முதல் பரவிய செயற்கை நுண்ணறிவுப் படக்கருவிகளோ, எண்ணிறந்த படங்களிற் பயின்ற சாயலைக்கொண்டு, அடுப்பிலேறாத உணவைத் தீட்டித் தருகின்றன. குறிப்பிலே கடுகு இராது; படத்திலே மிதக்கும்.

நிழற்படமும் பொய்த்ததுண்டே எனலாம். உண்மை. காம்பெல் கம்பனி சூப்புக் கிண்ணத்தின் அடியிற் கண்ணாடிக் குண்டுகளையிட்டு, காய்கறித் துண்டுகள் மேலே தெரியுமாறு படமெடுத்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 1970 ஆம் ஆண்டளவில் அதனை ஏமாற்று விளம்பரமெனக் குற்றஞ்சாட்டிற்று. ஆயினும் அக்கிண்ணத்திற் சூப்பாவது இருந்தது!

மாவின் பதத்தையும் வறுவலின் நிறத்தையும் படம் பார்த்தே அறியும் புதியவர்க்கு, எவரும் சமைக்காத உணவின் படம் எதனைக் கற்பிக்கும்? நிழற்படமெடுக்க வசதியில்லாதார் கைச்சித்திரம் வரையலாம். அதனை எவரும் சான்றெனக் கொள்ளார். செயற்கைப் படமே வேண்டுமெனின், அஃது அத்தகையதென்று கீழே எழுதிவிடுதல் முறை.